சிவப்புக் கோடு வலப்பக்கம்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து துளைத்தெடுத்த பாறை உருளை வெளியே வந்ததும் முதல் வேலை கோடு போடுவதுதான். நிமிர்த்தி வைத்தால் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் கறுப்பு. பிறகு எத்தனை முறை உருண்டாலும் எது தலை, எது கால் என்று தெரிந்துவிடும். எங்கள் பெட்ரோலியப் பொறியியல் துறையில் முப்பது வருடமாகக் கோடு போடுகிறவன் நான். எனக்குப் பட்டப்பெயரே 'கோடு மாஸ்டர்'.

எங்கள் பேராசிரியர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது மூன்றடி உருளை ஒன்றோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினார். எண்ணெய் கசியும் அடுக்கு மேலே, அதை அடைக்கும் இறுகிய அடுக்கு கீழே என்று கண்டுபிடித்து ஒரு சமன்பாடு எழுதினார். முனைவர் பட்டம், வேலை, பதவி உயர்வு எல்லாம் அந்தச் சமன்பாடு வாங்கிக் கொடுத்ததுதான். பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்டது. போன மாதம் இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. தேர்வுக் குழு வந்து பார்ப்பதற்காக அந்த உருளையை நெடுக்காக அறுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொன்னார்கள்.

அறுத்தேன். தண்ணீர் விட்டுத் துடைத்தேன். மறுபடியும் துடைத்துப் பார்த்தேன்.

உள்ளே, எத்தனையோ கோடி வருடங்களுக்கு முன் காய்ந்து வெடித்த சேற்றின் வெடிப்பு ஒன்று, மணல் நிரம்பிக் கிடந்தது. சேறு எங்கே வெடித்தாலும் மேலே அகலமாக, கீழே போகப் போகக் குறுகலாகத்தான் இருக்கும். இதில் அகலம் கீழே இருந்தது. அப்படியானால் கோடுதான் தலைகீழ். பக்கத்தில் ஆழத்தைக் குறித்த எண்ணில், ஏழின் நடுவே குறுக்குக் கோடு. இந்த ஆய்வகத்தில் ஏழுக்கு இடுப்புப் பட்டை கட்டுகிறவன் நான் ஒருவன்தான். உருளை வந்த அன்றுதான் என் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் போட்ட கோடு.

மனைவியிடம் சொன்னேன். "ரிட்டயர் ஆக நாலு மாசம் இருக்கு. கல்லு பேசாது, நீங்களும் பேசாதீங்க" என்றாள். நானும் யோக்கியன் மாதிரி அறுத்த முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

மறுநாள் பேராசிரியர் வந்தார். "என்ன, கோவிச்சுக்கிட்ட மாதிரி திரும்பி நிக்குது?" என்று சிரித்தபடி திருப்பினார். சிரிப்பு பாதியில் நின்றது. வெடிப்பின் மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலாக ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

"இதுக்குக் கோடு போட்டது யாரு?"

"அப்போ நாலஞ்சு பேரு இருந்தோம் சார். ஞாபகம் இல்ல."

அவர் பார்வை அந்த ஏழின் மேல் கொஞ்ச நேரம் தங்கியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷமா பசங்களுக்குத் தலைகீழா பாடம் நடத்தியிருக்கேன்" என்றார்.

"நேர்காணல் முடியட்டுமே சார். அப்புறம் சொல்லிக்கலாம்."

"முடிஞ்சுட்டா சொல்ல மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

மாலையில் ஒட்டாத உறை ஒன்றைக் கொடுத்து அலுவலகத்தில் சேர்க்கச் சொன்னார். படிக்கட்டில் நின்று படித்தேன். ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தார். கடைசி வரி: 'உருளையைத் தலைகீழாகக் குறித்தது நான். வேறு எவருக்கும் இதில் பங்கில்லை.'

திரும்பிப் போய் 'நான்தான் சார்' என்றிருக்கலாம். இருபது படிதான். நான் கடிதத்தைக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் பெற்றுக்கொண்டு வந்தேன். நினைத்தால் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த வாரம் புதுக் கிணற்றிலிருந்து உருளைகள் வந்தன. வழக்கமாக அவர் கிடங்குப் பக்கம் வரமாட்டார். கோடு போட்டாயிற்றா என்று போனில் கேட்பதோடு சரி. அன்று வந்தார். சிவப்புப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"போடுங்க" என்றார். "நான் பக்கத்துல நிக்கறேன்."

கடைசி உருளை முடியும்வரை நின்றார்.