பதினேழாம் எண் வீடு

அந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் குடும்பப் பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் அரியர். வீட்டு எண்ணே பெயர். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து கீரைக்கூடை சுமந்து வரும் கமலா, "பன்னெண்டம்மா, அரக்கீர இருக்குது! என்னா பதினேழம்மா, நேத்து எங்க போய்கினு இருந்த, ஆளயே காணோம்?" என்று கூவிக்கொண்டேதான் தெருவைக் கடப்பாள். குழந்தைகள் நல அலுவலகத்தின் களப்பணியாளரான ரெஜினா, பதினேழாம் எண் வீட்டுக்கு முதன்முறை சென்ற காலையில் அக்குரலைக் கேட்டாள், சிரித்தாள், மறந்தும் போனாள்.

அவ்வீட்டில் சிங்காரவேல், அவன் மனைவி வெண்மதி, மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் இசைப்பிரியா ஆகிய மூவரும் குடியிருந்தனர். சிங்காரவேலுக்குச் சுரங்கத்தில் நிரந்தர வேலை. குடித்துவிட்டு வந்த ஒரு நாள், சோற்றைச் சிந்திவிட்டாள் என்று மகளின் முன்கையில் பழுக்கக் காய்ந்த தோசைக்கரண்டியை வைத்துவிட்டான். மருத்துவமனையிலிருந்து தகவல் வரவே, ரெஜினா வந்திருந்தாள்.

"பால் கொதிச்சுத் தெறிச்சிடுச்சு மிஸ்" என்றாள் வெண்மதி, முகத்தை ஏறிட்டுப் பாராமலே.

உண்மையைச் சொன்னவள் சிறுமிதான். தாய் காபி போட உள்ளே சென்றதும், சட்டைக் கையைத் தானாகவே மேலே தள்ளிக் காட்டினாள்.

"அப்பாதான் மிஸ். தோசக்கரண்டியால. வெளிய தெரிஞ்சா எல்லாரும் சிரிப்பாங்கல்ல?"

"ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க கண்ணு. அதுக்கு நான் பொறுப்பு."

பிறகு வெண்மதியும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "அவர மிரட்டுங்க, திருத்துங்க. தெருவுல மட்டும் நிறுத்திடாதீங்க மிஸ். ஷிப்டுல நாலு பேரு சிரிச்சா, அந்தக் கோவமும் இவ மேலதான் எறங்கும்."

சிங்காரவேலை அழைத்துக் கண்டித்தார்கள். குழந்தையைத் தாயின் பொறுப்பிலேயே விட்டுக் கண்காணிப்பது என்று முடிவாயிற்று. அதன்பின்தான் ரெஜினாவின் மேலதிகாரி கலியமூர்த்தி அந்தக் கேள்வியை எழுப்பினார்.

"பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாவணும்மா. நீங்க மாசத்துல ஒரு நாள் பாப்பீங்க; டீச்சர் தெனம் பாப்பாங்க. புதுசா ஒரு சூடு விழுந்தா வேற யாரு கண்ணுல படும்?"

அவர் கூறியதில் பிழையில்லை. வெண்மதி கூறியதிலும் பிழையில்லை. இரண்டு இரவுகள் உறக்கமின்றிப் புரண்ட ரெஜினா, கடைசியில் இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணினாள். குழந்தையின் பெயரைத் தலைமையாசிரியையிடம் வாய்மொழியாகவே தெரிவித்தாள். அவரிடம் கொடுத்த அறிக்கை நகலில், மூவர் பெயரும் வந்த இடங்களையெல்லாம், மை மறுபக்கம் ஊறும்வரை கறுப்பாக அடித்திருந்தாள். மேலே ஓரத்தில் பிளாக்கும் வீட்டு எண்ணும் அப்படியே இருந்தன. அவை அவள் கண்ணில் படவே இல்லை.

அந்த நகல் ஒரு மதிய உணவு வேளை மட்டும் ஆசிரியைகளின் அறை மேசைமேல் கிடந்தது. ஆசிரியைகளும் அதே குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள்தாமே.

அந்த வாரமே கமலா, கூடையை இறக்காமல், தெருவெல்லாம் கேட்க இரக்கப்பட்டாள்: "பதினேழம்மா, பாப்பாவுக்கு சூடு ஆறிடுச்சா? பச்சப்புள்ளம்மா அது!" ஷிப்டு பஸ்ஸில் ஒருவன், "இன்னைக்கும் வூட்டுல தோசதானா மாமா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது; சிங்காரவேலும் உடன் சிரித்தான் என்று பின்னர்ச் சொன்னார்கள். பள்ளியில் இசைப்பிரியாவுக்குத் தோசைக்கரண்டி என்றே பெயராகிவிட்டது.

அடுத்த மாதம் ரெஜினா சென்றபோது வீடு பூட்டிக் கிடந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மகளை வேறு பள்ளியில் சேர்த்து, வடக்குத்தில் வாடகைக்குப் போய்விட்டார்கள். விசாரித்து அங்கே சென்றாள். வெண்மதி வாயிற்கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பேர அடிச்சீங்க மிஸ். ஹெட்மிஸ்ட்ரஸ் காட்டுனாங்க, பாத்தேன். நல்லாக் கறுப்பா அடிச்சிருந்தீங்க." கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்தத் தெருவுல எம்பேரு வெண்மதின்னு யாருக்குத் தெரியும்?"

ரெஜினா கதவிடுக்கு வழியே உள்ளே பார்த்தாள்.

தாயின் பின்னால் இசைப்பிரியா வந்து நின்றாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. இம்முறை மற்றொரு கை. மணிக்கட்டின் விளிம்பில் புதிய கொப்புளம் ஒன்று பளபளத்தது.

"இது என்னம்மா?"

சிறுமி தாயைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "பால் கொதிச்சுத் தெறிச்சிடுச்சு மிஸ்" என்றாள், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் தடுமாறாமல்.

மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மீண்டும் அறிக்கை எழுதவும், குழந்தையைப் பிரித்து விடுதியில் சேர்க்கச் சொல்லவும் ரெஜினாவால் இயலும்; அவற்றையெல்லாம் அன்றே செய்யத்தான் போகிறாள். ஆயினும் அவள் அப்போது வாயிற்படியில் மண்டியிட்டு, கெஞ்சும் குரலில் கேட்டாள்: "எங்கிட்ட சொல்லு கண்ணு. எங்கிட்ட சொல்லலாம்ல?"

இசைப்பிரியா சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"உங்ககிட்டதான் ஒரு தடவ சொன்னேனே மிஸ்."