இடைவேளைக்குப் பிறகு படத்தின் பேர்

என் தம்பிக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்க கலை அருங்காட்சியகத்துல வெள்ளிக்கிழமைதோறும் வெளிநாட்டுப் படம் போடுறது அவன்தான். ஆனா எந்தப் படத்தையும் முன்கூட்டிப் போட்டுப் பார்க்க மாட்டான். "ஜனங்களோட சேர்ந்து முதல் தடவையா பார்க்கணும்க்கா. முன்னாடியே பார்த்துட்டா எச்சில் பண்ணிக் கொடுத்த மாதிரி"ம்பான். வாசல்ல டிக்கெட் கிழிக்கிற நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!

அன்னிக்காவது கேட்டிருக்கலாம். சிற்பக் கூடத்துக்குக் கீழே தம்பி படம் போடுற சின்ன அரங்கு மேல, அருங்காட்சியகத்தை நடத்துற மேடத்துக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. ஓவியச் சட்டம் அடுக்குற கிடங்கா மாத்தணுமாம். "இன்னிக்குப் படம் எடுத்தவங்களே வர்றாங்க. அவங்க முன்னாடி மானம் போகாம இருந்தா உன் தொடர் நடக்கும். ஏதாவது சொதப்பினே, சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு"ன்னு தம்பிகிட்ட கறாரா சொல்லிட்டாங்க. அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமைகள்தான் உயிர். கல்யாணப் பேச்சை எடுத்தாக்கூட, "பொண்ணுக்கு சப்டைட்டில் படிக்கப் பொறுமை இருக்குமா?"ன்னு கேட்கிற பயல்.

படம் ரெண்டு வட்டுல வந்திருந்தது. மேலே அவங்க மொழியில என்னவோ எழுதியிருந்தது, நமக்கு ஒரு எழுத்தும் புரியலை. தம்பி ஒண்ணை எடுத்துப் போட்டான். ஆளில்லாத வீடு. ஒரு பொண்ணு அலமாரியைத் திறந்து, செத்துப்போன அப்பாவோட சட்டைகளை ஒவ்வொண்ணா மடிச்சுப் பெட்டியில வைக்குது. அவ்வளவுதான் கதை. வாராவாரம் வர்ற தாடிக்காரர் 'அடடா'ன்னு தலையை ஆட்டினார். எனக்குக் கொட்டாவி கொட்டாவியா வந்தது.

பெட்டியை மூடினதும் திரையில பேர் பேரா மேலே ஏற ஆரம்பிச்சுது. நடிச்சவங்க, லைட் பிடிச்சவங்க, நன்றி, எல்லாம். எனக்குக் கொட்டாவி பாதியில நின்னுபோச்சு. படம் ஓட்டுற அறைக்குப் படிக்கட்டுல தடதடன்னு ஏறி ஓடினேன்.

தம்பி முகம் வெளிறிப்போய் நின்னான். "அக்கா, ரெண்டாவது வட்டை முதல்ல போட்டுட்டேன்."

"அடப்பாவி! இப்ப என்னடா பண்றது?"

"மிச்சத்தைப் போட வேண்டியதுதான்."

இடைவேளைன்னு விளக்கைப் போட்டோம். மறுபடி அணைச்சதும் படத்துப் பேர் பெரிசா வந்தது. "பேரையே நடுவுல போட்டிருக்காங்க, என்ன துணிச்சல்!"னு தாடிக்காரர் பக்கத்துல இருந்தவர்கிட்ட சிலாகிச்சார். நான் சிரிக்கிறதா அழறதா? படம் எடுத்த விருந்தாளி அம்மா முன் வரிசையில உட்கார்ந்திருந்தாங்க, திரும்பிக்கூடப் பார்க்கலை.

செத்த அப்பா இப்ப சமையலறையில பாட்டு முணுமுணுத்துக்கிட்டு நின்னார். கதவுக்கு எண்ணெய் போட்டார். மகளை வம்புக்கு இழுத்தார். கடைசியில பாதி முகத்துல சோப்பு நுரையோட அவளைப் பார்த்துச் சிரிச்சார். அப்படியே இருட்டாச்சு.

கைதட்டல்ல அரங்கே அதிர்ந்தது. மேடம் பூரிச்சுப்போய் மைக்கைப் பிடிச்சாங்க. வாயை மூடிக்கிட்டு இருந்தா தப்பிச்சிருக்கலாம். இந்த மடையன் இறங்கி வந்து, "மன்னிக்கணும், நான் மாத்திப் போட்டுட்டேன். படம் இந்த வரிசை இல்லை"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். மேடம் சாவிக்காகக் கையை நீட்டினாங்க.

விருந்தாளி அம்மா எழுந்தாங்க. பக்கத்துல நின்ன மொழிபெயர்ப்பாளர் அவங்க சொல்லச் சொல்ல எங்களுக்குச் சொன்னாங்க.

"முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கோபமா எழுந்தேன், நிறுத்தச் சொல்லலாம்னு. அப்பதான் தோணிச்சு, இப்படிப் போட்டா அப்பா இனிமேதானே வருவார்? உட்கார்ந்துட்டேன். அது என் சொந்த அப்பா. எத்தனையோ ஊர்ல இந்தப் படத்தைப் போட்டிருக்கேன். எல்லா ஊர்லயும் கடைசியில அவர் போயிடுவார். இங்கே மட்டும்தான் வந்தார்."

அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, "அந்தக் கடைசி இடத்தை இன்னொரு தரம் போட முடியுமா?"ன்னு கேட்டாங்க.

தம்பி படிக்கட்டுல பறந்தான். கிளம்ப எழுந்தவங்க எல்லாரும் உட்கார்ந்தாங்க. போய் விளக்கை அணைச்சது மேடம்தான்.