பதினோரு தாழ்ப்பாள்கள்

சின்னவளுக்கு ஒன்பது வயதில் குளியலறையில் வலிப்பு வந்தது. அன்றைக்கே அப்பா அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார்: அவள் குளிக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வெளியே நின்று "இருக்கியா?" என்று கேட்பார்கள், அவள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். இப்போது அவளுக்கு இருபது வயது. இதுவரை சொன்ன "இருக்கேன்"களை வரிசையாக நிறுத்தினால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம்.

போன ஞாயிறன்று வாயெல்லாம் சோப்பு நுரை. பதில் நான்கு விநாடி பிந்திவிட்டது. கதவு பறந்தது. அப்பா, அம்மா, அண்ணன், அவனுக்குப் பின்னால் பார்சலோடு கூரியர்காரர்! பிளாஸ்டிக் திரை மட்டும் இல்லாவிட்டால் மானம் கப்பலேறியிருக்கும்.

"அவரை ஏன்டா கூட்டிட்டு வந்தே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கத்தினாள்.

"தூக்கணும்னா ஆள் வேணாமா?" என்றான் அண்ணன்.

மறுநாள் காலை அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. வேறு ஊரில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, தங்குவதற்கு ஹாஸ்டல். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருடம் பத்து மாதம் ஆகிவிட்டது. மாத்திரைப் பெட்டியை அவளே நிரப்புகிறாள், டாக்டரிடம் அவளே பேசுகிறாள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவும், வெளியிலிருந்து காசை வைத்துத் திருகினால் திறக்கும் பூட்டும் போதும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படம் போட்டே காட்டியிருந்தார்.

அப்பா உத்தரவை மடித்து வைத்தார். "தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க முடியாதவளை எந்த தைரியத்துல தனியா அனுப்புறது?"

"கழட்டினதே நீங்கதானே?"

"அது பாதுகாப்புக்கும்மா."

பாதுகாப்பா? இருங்க, காட்டுறேன் என்று கறுவிக்கொண்டாள். எல்லோரும் வேலைக்குப் போனதும் திருப்புளியை எடுத்தாள். மத்தியானத்துக்குள் வீட்டில் மிச்சமிருந்த பதினோரு தாழ்ப்பாளும் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தன. டப்பா எங்கே என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் வீடே அலறியது.

"பிரஷர் உள்ளவங்க பொத்துன்னு விழுந்துடுவாங்கப்பா. அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணனுக்கு மூளையே சந்தேகம். எல்லாம் பாதுகாப்புக்குத்தான். புதுசு மாட்டினா அதையும் கழட்டுவேன்."

மறுநாள் அம்மா படுக்கையறையில் ஒளிந்து சாக்லேட் உறையைப் பிரிக்கும்போது கதவு திறந்தது. "அம்மா, இருக்கீங்களா?" வாய்க்குள் இருந்த துண்டை அப்படியே விழுங்கிவிட்டு அம்மா "இருக்கேன்" என்றார். அண்ணன் கண்ணாடியின் முன் மண்டியிட்டு, யாருக்கோ காதல் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். "அண்ணா, இருக்கியா?" அதற்கப்புறம் அவன் அந்தக் கண்ணாடியை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அப்பாவுக்குத்தான் விசேஷ கவனிப்பு. பேப்பரோடு கழிப்பறைக்குள் போனால் ஒரு யுகம் ஆகும் அவருக்கு. புதன்கிழமை இருபத்தேழு முறை "இருக்கேம்மா" சொன்னார். இருபத்தெட்டாவது முறை வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கூரியர்காரர்.

"அண்ணே, ஓடி வாங்க! தூக்கணும்னா ஆள் வேணும்!"

கதவு பறந்தது. அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு அதற்குப் பின்னால் மறைந்தார். "சார், ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டினார் கூரியர்காரர்.

அன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா, "பதினோரு வருஷமா இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?" என்றார்.

"உங்களுக்காவது பேப்பர் இருந்துச்சுப்பா."

வியாழக்கிழமை தச்சர் வந்து குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். காசுப் பூட்டை அப்பாவே கடையிலிருந்து வாங்கி வந்தார், மாட்டியது சின்னவள். அவள் உள்ளே போய்ப் பூட்ட, அவர் வெளியிலிருந்து காசை வைத்துத் திருகினார். மூன்றே விநாடி. இன்னும் ஏழு தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் வேலை உத்தரவைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் மறுபடி பூட்டிக்கொண்டு குளித்தாள். யாரும் கேட்கவில்லை. அப்பாவின் செருப்புச் சத்தம் மட்டும் இங்கும் அங்குமாக நாலு கிலோமீட்டர் நடந்தது. குளித்து முடித்த பிறகும் பத்து நிமிடம் சும்மாவே உள்ளே நின்றாள். பதினோரு வருஷத்துக்கு வட்டி!

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். அங்கே போன முதல் நாள் ராத்திரியே அண்ணன் போன் செய்தான்.

"எண்ணிப் பார்த்தா பத்துதான்டி இருக்கு. என் ரூம் தாழ்ப்பாள் எங்கே?"

அது அவள் தலையணைக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

"என்கிட்டதான். உன் பாதுகாப்புக்குத்தான் அண்ணா" என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான். இரண்டு நிமிடம் பொறுத்துக் கேட்டாள்.

"இருக்கியா?"