நூற்றுக்குப் பதினைந்து

எடைக்கு எடை தங்கம் கொடுத்தாலும் பேத்தியை யாருக்கும் தரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் மிளகாய் மண்டிக்காரர். ஆறாம் மாத எடையைப் போட்ட நர்ஸ், அட்டையில் "பதினைந்தாவது பெர்சென்டைல்" என்று எழுதியதும் அவர் முகம் தொங்கிப்போனது.

"நூத்துக்குப் பதினஞ்சா? ஃபெயிலாச்சேம்மா! ஒரு அம்பதாப் போட்டுக் குடுங்க," என்று பேரம் பேசினார். படியாததால் மருமகளிடம் திரும்பினார். "இனிமே உன் பால் வேணாம். டப்பாப் பால்தான்."

நர்ஸ் சிரித்தார்.

"இது மார்க் இல்ல பெரியவரே. இந்த வயசுப் பொண்ணுங்க நூறு பேரை எடைப்படி நிறுத்துனா, பதினஞ்சு பேர் இவளைவிடக் கம்மி. அவ்வளவுதான். அட்டைல போட்டிருக்குற வளர்ச்சிக் கோடுகள்ல தன் கோட்டுலேருந்து கீழ சரியுறாளான்னுதான் பாக்கணும்."

மருமகள் அட்டையை வாங்கி, பிறந்தது முதலான நான்கு புள்ளிகளையும் பேனாவால் இணைத்தாள். நான்கும் ஒரே கோட்டில் ஏறியிருந்தன.

"பாருங்க மாமா! என் பால்ல உங்க பேத்தி ஒரு தடவைகூடச் சறுக்கல!"

மண்டிக்காரர் புள்ளி புள்ளியாக விரல் வைத்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கூட்டினார்.

"பொறந்தப்ப ரெண்டு கிலோ எண்ணூறு. அதுக்கு மேல ஒண்ணு எழுநூறு, அப்புறம் ஒண்ணு நூறு, இப்ப எண்ணூறு. ஆக மொத்தம் ஆறு கிலோ நானூறு. எல்லாமே மருமக வரவு!"