நடுவில் உட்கார்ந்த அவசரம்

“டிஸ்க்க மாத்தியாச்சு, இன்னும் இடமில்லேங்குது! அப்புறம் எதுக்குடா மாத்துனே, அழகு பாக்கவா?”

“அக்கா, கத்தாதே. நீ கத்துனா டிஸ்க்கு பெருசாயிடுமா?”

“நீ கை வச்சா இருக்கிறதும் சிறுசாயிடும்டா!”

முன்னறையில் ஒரு பெரியவரின் முகவாயை ஒரு விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரருக்கு எல்லாம் கேட்டது. உள்ளே மோதிக்கொள்வது அவர் மனைவியும் மச்சினனும். கல்யாணங்களை அவர் படம் பிடிப்பார், மனைவி வெட்டி ஒட்டுவாள், மச்சினன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வான். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பான் என்பது அக்காவின் புகார்.

“ஐயா, பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது.”

“நானா சிரிக்கிறேன்? உள்ள நடக்கிறது சிரிக்க வைக்குதுப்பா.”

ஸ்டூடியோக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் கல்யாண ஜோடி படத்தை வாங்க வருகிறது. வெட்டி ஒட்டிய படத்தை ஒரே ஃபைலாக எடுக்கப் போனால், முக்கால்வாசி வெளியே வந்ததும் “இடமில்லை” என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதற்காகத்தான் நாலு மடங்கு பெரிய டிஸ்க் வாங்கி, பழைய டிஸ்க்கில் இருந்ததை இருந்தபடியே அதில் ஏற்றியிருந்தான் மச்சினன். இருந்தபடியே என்றால் பழைய அளவு, பழைய நெரிசல் எல்லாமும் சேர்த்து.

பெரியவரை அனுப்பிவிட்டு உள்ளே போனார்.

“மாமா, நீங்களே பாருங்க. ஃபைல் சிஸ்டத்தப் பெருசாக்குன்னு சொன்னேன். ‘ஏற்கெனவே முழு அளவுலதான் இருக்கேன், செய்ய ஒண்ணுமில்ல’ங்குது.”

“உன்ன மாதிரியே பேசுது” என்றாள் அக்கா.

“சுவரத் தள்ளாம பாய விரிச்சா எப்படி விரியும்? மொதல்ல பார்ட்டிஷன, அதாவது டிஸ்க்குல தடுத்த அறையப் பெருசாக்கணும், அப்புறந்தான் அதுக்குள்ள விரிக்கிற ஃபைல் சிஸ்டம். நாந்தான் முறை மாத்திப் பண்ணிட்டேன்.”

தன் தப்பை மச்சினன் ஒப்புக்கொண்டது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை. ஆனால் சுவரும் நகரவில்லை. பெரிய பார்ட்டிஷன் முடிகிற இடத்தில் குட்டியாக இன்னொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் புது இடம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. பஸ்ஸில் பின்சீட்டெல்லாம் காலி, வழியில் ஒருத்தன் மூட்டையோடு படுத்திருக்கிறான் என்றால் எப்படி இருக்கும், அப்படி.

குட்டியின் பெயர் ‘அவசரம்’. அக்கா டிஸ்க்கை மூச்சு முட்ட நிரப்புகிறாளே, ஆபத்துக்கு உதவட்டும் என்று மச்சினனே எப்போதோ ஒதுக்கி வைத்தது.

ஸ்டூடியோக்காரர் அவசரமாகத் திரைக்குப் பக்கத்தில் வந்தார். கடைக்கு எதிரே மின்கம்பத்தில் வந்து உட்காரும் ஒற்றைக்கால் காக்காயை அவர் மூன்று வருஷமாகப் படம் பிடித்து வருகிறார். “இன்னொரு காக்காய இந்த டிஸ்க்குல பாத்தேன், உங்களையும் சேத்து டெலீட் பண்ணிடுவேன்” என்று மனைவி சொன்ன நாளிலிருந்து அத்தனையும் ‘அவசர’த்துக்குள்தான் இருந்தது. ‘அவசர’த்துக்கு வெளியே பிரதி கிடையாது. ஃபோல்டருக்கு ‘கரண்ட் பில் ரசீது’ என்று பெயர் வைத்திருந்தார். அதைத் திறந்து பார்க்க யாருக்குக் கிறுக்கு பிடித்திருக்கிறது?

“இந்தக் குட்டியத் தூக்குனா வேலை முடிஞ்சுது” என்று இழுத்தான் மச்சினன். “ஆனா…”

“அதுல என்னடா இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. பிரிண்டரு, ஸ்கேனரு ஓட்டுற டிரைவர் ஃபைலு.”

“கரண்ட் பில்லும் இருக்கும்” என்றார் ஸ்டூடியோக்காரர் சுவரைப் பார்த்தபடி.

“கடையோட பழைய லோகோ கொஞ்சம் கெடக்கும்” என்றாள் அவள்.

எல்லாம் குப்பை. ஆனாலும் தூக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மேஜை மேல் பழைய டிஸ்க் இருந்தது. ‘அவசரம்’ அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் கடையின் வழக்கம் வேறு. கழற்றிய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்து, அதில் கல்யாணப் படத்தை ஏற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். “படந்தானே பாக்கப் போறாங்க, டிஸ்க்கையா கட்டிக்கப் போறாங்க?” என்பாள் மனைவி. சிவப்பு ரிப்பன் பக்கத்திலேயே வெட்டித் தயாராக இருந்தது.

ஸ்டூடியோக்காரர் தொண்டையைக் கனைத்தார். வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

“இந்தத் தடவை அவங்களுக்குப் புது டிஸ்க்கே வாங்கிக் குடுத்தா என்ன? இது இங்கயே கெடக்கட்டுமே.”

கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தார்.

“நல்ல யோசனைதாங்க” என்றாள் மனைவி.

“நானே போய் வாங்கிட்டு வரேன் மாமா” என்று செருப்பை மாட்டினான் மச்சினன்.

ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனா மூடி தொலைந்தால் கடையையே கவிழ்த்துத் தேடுகிறவள் அவள். கூப்பிடு தூரக் கடைக்கு அனுப்பினாலே முனகுகிறவன் அவன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தர்ம சிந்தனையா?

மச்சினன் திரும்பி வந்து குட்டியைத் தூக்கினான். சுவரைத் தள்ளினான். பிறகு பாயை விரித்தான். காலி இடம் என்று காட்டுகிற எண் ஒரே தாவாகத் தாவியது. படம் முழுசாக வெளியே வந்தது. ஜோடி வந்து ரிப்பன் கட்டிய டிஸ்க்கை வாங்கி, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனது.

“நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க, நான் கடையச் சாத்திட்டு வரேன்” என்றார் அவர்.

“ஐயே, உங்களுக்குத்தான் முதுகு வலியாச்சே, நான் சாத்துறேன்.”

“நான் எதுக்கு இருக்கேன் மாமா?”

பழைய டிஸ்க்கின் மேல் மூன்று கைகள்.

வேறு வழியில்லாமல் மூன்று பேரும் சேர்ந்தே திறந்தார்கள். ‘டிரைவர் ஃபைல்கள்’ என்பது மச்சினன் கழிவறையில் எதிரொலியோடு பாடி வைத்த காதல் பாட்டுகள். ‘பழைய லோகோ’ என்பது கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் போட்ட சண்டைகள் மட்டும் வெட்டிக் கோத்த முழுநீளப் படம்.

“அடிப்பாவி” என்றார் அவர், வியப்போடு.

கடைசியாகக் காக்காய் வந்தது. மழையில் ஒற்றைக்காலில் நின்று சிறகை உதறியது. மனைவி திரைக்குக் கிட்டே குனிந்து, மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

“நீளம் ஜாஸ்தி” என்றாள். “நான் வெட்டித் தரேன். பாட்டு மட்டும் இவனோடது வேணாம்.”

“அக்கா!”

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இன்னொரு ‘அவசரம்’ வைக்கலாம், இந்தத் தடவை டிஸ்க்கின் கடைசி நுனியில் என்கிறான் மச்சினன். வேண்டவே வேண்டாம், எல்லாம் ஒரே அறையில் வெளிச்சமாக இருக்கட்டும் என்கிறாள் அக்கா. ஸ்டூடியோக்காரர் ரெண்டு பக்கமும் தலையாட்டுகிறார். இந்த இழுபறியில் காக்காய் இன்னும் பழைய டிஸ்க்கிலேயே ஒற்றைப் பிரதியாக நிற்கிறது. அந்த டிஸ்க் நேற்றிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறது; உயிரை விடும் முன் டிஸ்க்குகள் அப்படித்தான் போடுமாம்.

அதனால் இந்தப் பதிவை எழுதுகிற நான் கேட்கிறேன். உங்கள் வீட்டு டிஸ்க்கில் ஒதுக்கிடம் உண்டா? எங்கே வைத்தீர்கள், அது உதவியதா, கழுத்தை அறுத்ததா? கீழே பதில் போடுங்கள். டிக் டிக் பற்றித் தெரிந்தவர்கள் தயவுசெய்து முதலில்.