அந்தி நிறுவை

நமுனுகுல மலையின் நெற்றியிலிருந்து இறங்கிய கார்த்திகைத் திங்களின் மழைமூட்டம், தேயிலைச் சரிவுகளையும் அவற்றினிடையே வரிசைகட்டி நிற்கும் தகரக் கூரைகளையும் ஒவ்வொன்றாய் மறைத்துக்கொண்டு பள்ளத்தாக்கின்மேற் பரந்து, இருப்புப்பாதை முடியும் நிலையத்தில் இளைப்பாறிய வண்டியையும் போர்த்து, பதுளை நகரின் கடைத்தெருவில் நண்பகல் கழிந்த சிறிது நேரத்திற்குள்ளேயே விளக்கேற்றச் செய்துவிட்டது. காய்கறி விற்போரின் கூவலும், தோட்டங்களுக்குப் புறப்படும் பேருந்துகளின் வாயிற்படியில் நின்று ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சில் அடுக்குவோரின் குரலும், நனைந்த தெருவில் உருளைகள் எழுப்பும் ஓசையும் ஒன்றாய்க் கலந்து மேட்டின்மீதேறி, அங்கே பெருமருத்துவமனையின் சாளரங்களைத் தொட்டு அடங்கின. நோயாளரைப் பார்க்க வந்தோர் வாயிலருகே ஒதுங்கி நின்றனர். கதவு திறக்க இன்னும் சிறிது பொழுது இருந்தது.

தமிழறிந்த அன்பரே, அக்கூட்டத்தில் நனைந்த குடையை அக்குளில் இடுக்கி, ஒரு கையிற் சோற்றுப் பாத்திரமும் மறுகையில் நெகிழிப்பையிற் சுற்றிய சில அட்டைகளுமாய் நின்றவள் கருப்பம்மா. தெமோதரையை அடுத்த ஒரு தோட்டத்திற் கொழுந்து பறிப்பவள், ஐம்பத்துமூன்று வயதினள், கணவனை இழந்து பன்னிரண்டு ஆண்டு ஆனவள். அவளுடைய ஒரே மகள் கலாராணி, இருபத்தாறு வயது நிரம்பி, தாயோடு அதே மலையில் அதே வேலை செய்பவள், ஆறு நாளாய் அம்மருத்துவமனையின் பெண்கள் பகுதியிற் படுத்திருந்தாள். முந்தின வெள்ளிக்கிழமை மாலை, கூடையோடு சரிவில் இறங்கியவள் கால்கள் மடங்கி விழுந்து எழ மாட்டாமற் கிடக்க, தோட்டத்து ஊர்தியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தனர். நான்கு முறை குருதி எடுத்தாயிற்று; நெஞ்சையும் தலையையும் படம்பிடித்தாயிற்று; குறையொன்றும் இல்லை என்ற விடையே திரும்பத் திரும்ப வந்தது. இன்று பிற்பகல் மருத்துவர் முடிவு சொல்வார் என்று செவிலி முதல்நாள் தெரிவித்திருந்தாள்.

பெயருள்ள நோயென்றால் அப்பெயரைச் சொல்லி அழலாம், அதற்குரிய மருந்தைத் தேடலாம், இன்னது தீரவேண்டுமென்று மாரியம்மனிடம் நேர்ந்துகொள்ளலாம். பெயரில்லாத நோய்க்கு எதைச் சொல்லி வேண்டுவது? பேருந்தில் ஏறும்போது புற்றாயிருக்குமோ என்று நினைப்பாள். இறங்குமுன் சிறுநீரகமாயிருக்குமோ என்று மாற்றுவாள். அடுத்த மலையில் யாரோ செத்தது நினைவுக்கு வரும், அச்சாவையும் மகளுக்கு ஒருமுறை பொருத்திப் பார்ப்பாள். உள்ளதைச் சொன்னால், ஆறு நாளாய் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இனி, அவள் எவரிடமும் சொல்லாத ஒன்றை உமக்குச் சொல்லிவிடுகிறேன். மூடிவைத்துப் பின்னர்த் திறந்து வேடிக்கை காட்டும் பழக்கம் எனக்கில்லை. கலாராணி விழுந்தது வெள்ளிக்கிழமைதான். ஆனால் அவள் உடல் தளரத் தொடங்கியது பங்குனியில்.

அத்தோட்டத்தில் நாளொன்றுக்கு மூன்று நிறுவை உண்டு: காலை, பகல், அந்தி. மூன்றையும் கூட்டிப் பதினெட்டுக் கிலோக் கொழுந்து வந்தாற்றான் ஒரு முழுப்பேர், அதாவது முழுநாட் கூலி, விழும். கிலோவுக்குத் தூய தமிழ் தேடி நேரங்கழிக்க இது பொழுதன்று, பொறுத்தருள்க. நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தவளை ஏன் என்ன என்று மலைமுழுதும் கேட்கும். மகளின் கை தளர்ந்ததைக் கண்ட நாள்முதல் கருப்பம்மா தனக்குரிய செடிநிரையை விரைந்து முடித்து, மகளின் நிரைக்குள் நுழைந்து, பிறர் தேநீர் குடிக்க அமரும் பொழுதிலும் அமராது பறித்து, நிறுக்குமிடத்திற்குத் திரும்பும் வளைவில் எவரும் காணாமல் தன் கூடையிலிருந்து மகளின் கூடைக்கு அள்ளிப் போட்டு, எட்டுத் திங்களாய் ஒரு நாளும் அரைப்பேர் விழாமற் காத்துவிட்டாள். தாயும் மகளும் நல்ல கைகாரிகள் என்று நிறைக்கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையே மெச்சினார்.

ஏன் இந்த மறைப்பு என்பீர். மாசியிலேதான் கலாராணிக்கும், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து பதுளையில் இரும்புக்கடை ஒன்றில் வேலைசெய்யும் விஜேந்திரனுக்கும் மணம் பேசி முடித்திருந்தனர். தைத் திங்களில் நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளையைப் பெற்றவள் கேட்டது ஒன்றே ஒன்று, பெண் நோய்நொடி இல்லாதவளா என்று. சீக்குக்காரி என்ற சொல் ஒன்று வெளியே கிளம்பினால், அது பசறை போய்ச் சேர ஒரு பகல் தாங்காது. ஆகையால் அத்தாய், "ஏந் தலையிலே அடிச்சுச் சத்தியம் பண்ணு புள்ள, கல்யாணம் முடியுமட்டும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடப்படாது" என்று மகளிடம் ஆணை வாங்கிக்கொண்டாள். வெறும் களைப்புத்தான், மணமாகி நாலு நாள் ஓய்ந்திருந்தால் தேறிவிடுவாள் என்று அவள் மெய்யாகவே நம்பினாள். ஐயோ, இந்தத் தாய்மாரின் நம்பிக்கை! ஏசத்தான் தோன்றுகிறது, ஏச வாய் வரவில்லை.

கதவு திறந்தது. கலாராணி கட்டிலிற் சாய்ந்திருந்தாள். மருத்துவர் சுலோஜனா, யாழ்ப்பாணத்திற் பிறந்து பதுளையிற் பணிபுரிபவர், சிரிப்பிலும் சொல்லிலும் சிக்கனமானவர், நோயேட்டைக் கையிலேந்தி வந்து நின்றார்.

"எப்ப துடங்கினது எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஒண்டுமே இருக்கேல்லையோ?"

"ஒன்னுமில்லீங்க டாக்டரம்மா. வெள்ளிக்கெழம அந்திக்குத்தான் விழுந்துச்சு. அதுவரைக்கும் மலையிலே அதுதான் முன்னுக்கு நிக்கும்" என்ற கருப்பம்மா, நெகிழிப்பையை அவிழ்த்து அட்டைகளை நீட்டினாள். "பாருங்க, எட்டு மாசத்துக் கொழுந்து அட்டை. ஒரு அரைப்பேரு கெடையாது."

மகள் நல்ல உழைப்பாளி என்று காட்டினால் நல்ல மருந்தாய்க் கொடுப்பார்கள் என்பது அவள் எண்ணம். மருத்துவர் அவ்வட்டைகளைப் பொறுமையாய்ப் புரட்டினார். காலை ஏழு, பகல் ஆறு, அந்தி ஆறு. எல்லா நாளும் ஏறக்குறைய இதே கணக்கு.

"இவ்வளவு வேலை செய்த பிள்ளைக்கு உடம்பிலை கனகாலமாய் நோய் வருத்தம் இருந்திருக்க ஏலாது. நானும் காலமை காலமை சோதிச்சுப் பாக்கிறன், கையும் காலும் நல்லாத்தான் இருக்கு" என்றார். பின்னர்க் கலாராணியின் பக்கம் திரும்பி, "கலியாண யோசினையிலை மனம் களைச்சுப் போயிருக்கலாம், தங்கச்சி. நாளைக்கு வீட்டை போங்கோ. மனத்துக்குப் பாக்கிற டாக்டரிட்டைக் காட்ட ஒரு துண்டு எழுதித் தாறன். சரியோ?" என்றார்.

கலாராணி தாயைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், தாயின் தலையை ஒருமுறை நோக்கினாள், வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள் பிறகு. "மனசுதான் போலருக்கு."

வீட்டுக்குப் போகலாம் என்ற சொல்லுக்காகவே ஆறு நாளும் தவங்கிடந்தவள் கருப்பம்மா. அச்சொல் வந்தபோதோ அவள் மகளின் முகத்தையன்றி வேறெதையும் பார்க்கவில்லை. தன் தலைக்கு ஒன்றும் நேர்ந்துவிடக்கூடாதென்று, இல்லாத மனநோயை ஏற்றுக்கொண்டு மகள் எழுந்துவர முற்படுகிறாள் என்பது அவளுக்கு நன்றாய் விளங்கிற்று. மணமாவது, பசறையாவது! பெண் இருந்தாலல்லவோ மணம்?

"அந்தச் சத்தியம் ஏந் தலையோட போகட்டும் புள்ள" என்று மகளிடம் சொல்லி, மருத்துவரை நோக்கிக் கைகூப்பினாள். "டாக்டரம்மா, அந்த அட்டையிலே இருக்கிறது அவ எடுத்த கொழுந்து இல்லீங்க. நான் எடுத்துப் போட்டது. எட்டு மாசமா நான்தான் போட்டேன். ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க, புள்ளைய வீட்டுக்கு அனுப்பிராதீங்க."

மருத்துவர் ஏசவில்லை. இருக்கையொன்றை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"எல்லாக் கொழுந்துமோ?"

"இல்லீங்க. காலை நிறுவைக்கு அவளே எடுத்துருவா, நான் ஒரு கை போட வேண்டியதில்ல. பகலுக்குப் பாதி. அந்திக்குத்தாங்க ஒன்னுமே ஏலாது. கையச் செடிக்கு மேல தூக்க மாட்டா. கண்ணு சொருகிக்கிட்டு நிப்பா, தூக்கமாக்கும்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தா சோத்த மெல்லக்கூட முடியாது, நான் கொழையப் பிசைஞ்சு குடுப்பேன். விடிஞ்சு எந்திரிச்சா பழையபடி நல்லாயிருப்பா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளுந்தாங்க. வரவரக் கூடிக்கிட்டே போச்சு. பங்குனியிலே அந்திக்கு ரெண்டு கிலோ போட்டேன். ஆடியிலே நாலு. ஐப்பசியிலே ஆறு கிலோவும் என்னுதுதான்."

குருதியிற் காணாததும் படத்திற் காணாததும் அவ்வேழைப் பெண்ணின் உள்ளங்கையில் திங்கள் தவறாமல் நிறுத்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவர் அவள் சொன்னதையெல்லாம் நாளும் பொழுதுமாய் எழுதிக்கொண்டார். நாள்தோறும் தாம் காலையில் வந்து, உறங்கி எழுந்து ஓய்ந்திருந்த உடலையே சோதித்தமை அவருக்கு உறைத்திருக்கவேண்டும்.

"நான் நினைக்கிற வருத்தம் எண்டால் மருந்து இருக்கு" என்றார் இறுதியில். "வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்து போறது, ஆறினால் திரும்பிறது. மூச்சு எடுக்கிற தசைக்கும் வரக்கூடியது, அதாலை வீட்டை விடமாட்டன். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பவேணும், மறுமொழி வரப் பத்து நாள் செல்லும். ஆனால் முதலிலை என்ரை கண்ணாலை ஒருக்காப் பாக்கவேணும். தங்கச்சி, எழும்புங்கோ."

கலாராணி அந்நீண்ட நடைவழியில் எட்டுமுறை போய்வந்தாள். கொழுந்து பறிப்பதுபோலவே இரு கைகளையும் விடாது இயக்கச் சொன்னார், இயக்கினாள். பின்னர்க் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிப் பிடித்து, மேலே சுவரிலிருந்த விளக்கை இமைக்காமல் நோக்கினாள். மருத்துவர் கைக்கடிகையைப் பார்த்திருந்தார். பத்து நொடி சென்றது, இருபது சென்றது. முப்பதில் விரல்கள் நடுங்கின. இடக்கண்ணின் இமை கீழிறங்கிற்று, வலக்கண்ணினதும் இறங்கிற்று. தோளிலிருந்து இரு கைகளும் சிறிது சிறிதாய்த் தாழத் தொடங்கின.

கருப்பம்மாவின் கை, அவளைக் கேளாமலே போய், மகளின் முழங்கையைக் கீழிருந்து தாங்கிற்று.

"தொடாதேங்கோ அம்மா" என்றார் மருத்துவர். "விழ விடுங்கோ."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை வாயிற் கவ்விக்கொண்டு நின்றாள். பாதி மூடிய கண்களால் மகள் தாயைத் தேடினாள், தாய் அசையவில்லை. எட்டுத் திங்களாய் எவர் கண்ணிலும் படாமல் தாங்கிவைத்த அக்கைகள், மருத்துவரும் செவிலியும் அடுத்த கட்டில்களிற் கிடந்தோரும் பார்த்திருக்க, மடியில் வந்து விழுந்தன. நாற்பத்தொரு நொடி என்று மருத்துவர் எழுதினார்.

அன்பரே, பிள்ளையின் குறையைத் தன் கையால் நிரப்பும் தாயை உலகம் ஓயாது புகழும். நிரப்பாது நின்று அக்குறையைப் பிறர் காணவிடும் தாயைப் புகழ ஒருவரும் இல்லை. அது எத்துணை வலியது என்று அறிந்தோரும் சிலரே. கொழும்பிலிருந்து வரும் விடை எதுவாயினும், பசறையிலிருந்து வரும் சொல் எதுவாயினும், அவற்றிற்கு இன்னும் நாளிருக்கிறது.

சற்று ஆறியபின் இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்றார் மருத்துவர். அப்பொழுது வந்ததும் கருப்பம்மா கட்டிலைவிட்டு இரண்டடி தள்ளிப் போனாள். தன் கைகள் இரண்டையும் முதுகின் பின்னே இறுகக் கோத்துக்கொண்டாள்.

"தூக்கு புள்ள" என்றாள். "நான் புடிக்க மாட்டேன்."