ஏழாவது ஆட்டின் இடது பின்னங்கால்

1946ஆம் வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் காலையில், மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் இனாயத் அறுத்து விற்ற ஏழு ஆடுகளும் மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் எழுந்து நின்றன. ஆறு ஆடுகளுக்கு எல்லா உறுப்புகளும் சரியாக இருந்தன. ஏழாவது ஆட்டுக்கு இடது பின்னங்கால் இல்லை. அது மூன்று காலில் நின்றபடி கரையோரச் செடி ஒன்றை முகர்ந்து பார்த்தது, பிறகு வேண்டாமென்று விட்டது.

அவை ஈஸ்டருக்காக அறுத்த ஆடுகள். சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் முழுவதும் கறி தொடுவதில்லை. சனிக்கிழமை மாலை வாங்கி, மஞ்சளும் உப்பும் தடவி மூடி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் ஒரு துண்டை வாயில் வைப்பார்கள். அதிகாலையிலேயே சமைத்துவிடும் வீடுகளில்கூட உப்புப் பார்க்க யாரும் குழம்பைத் தொட மாட்டார்கள். அதனால் ஈஸ்டர் குழம்பு பல வீடுகளில் கரிக்கும், அதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. இந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை இனாயத்திடம்தான் வாங்கின. அவருக்கு எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குப் பல் இல்லை, யாருக்குக் கொழுப்பு ஆகாது என்பதெல்லாம் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மாலை டிராம் கண்டக்டர் அய்யாதுரை லஸ் முனையில் மயங்கி விழுந்தார். வெயிலில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர். அவர் பையில் இனாயத் கடையில் மந்தாரை இலையில் கட்டிக் கொடுத்த அரை வீசை கறி இருந்தது. அதை அவர் இன்னும் வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. பையில் இருக்கும் கறி ஆளை எப்படி மயக்கும் என்று யாரும் கேட்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்தில் அடைப்பான் நோய் வந்து ஆடுகள் செத்துக்கொண்டிருப்பதாக அந்த வாரம் முழுக்கப் பேச்சு. டிராம் திருவல்லிக்கேணி போய்த் திரும்புவதற்குள் அய்யாதுரை இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. "நான் கறின்னு சொல்லவே இல்ல நைனா, தலை சுத்துதுன்னுதான் சொன்னேன்" என்று அவர் பிறகு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு கடையில் கறி வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

ஞாயிறு காலை கார்ப்பரேஷன் தண்டோரா வந்தது. இனாயத் கடையில் வாங்கிய கறியை, சமைத்ததானாலும் சமைக்காததானாலும், கால்வாய்க் கரையில் வெட்டியிருக்கும் குழியில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். மறுநாள் சுண்ணாம்பு போட்டு மூடுவார்கள். தண்டோரா போடும் பஞ்சாட்சரம் மாதா கோயில் வாசலுக்கு வந்தபோது பூசை முடிந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் குரல் எடுபடவில்லை. அதனால் தாளை அங்கே நின்றிருந்த பள்ளித் தலைமையாசிரியர் ஆரோக்கியநாதனிடம் கொடுத்தார். "நீங்க படிச்சீங்கன்னா கேக்கும் சார். என் தொண்ட காலைலேர்ந்து கட்டிக்கீது." ஆரோக்கியநாதன் படித்தார். மைதானத்தின் கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்கும் குரல் அவருடையது. ஒரு கடையின் பெயரையும் ஒரு மனிதரின் பெயரையும் அவர் திருத்தமாக உச்சரித்தார்.

மக்கள் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். குருமாவாக, வறுவலாக, மிளகுச் சாறாக, பச்சைத் துண்டாக, பானையோடும் மூடியோடும் வந்தது. சூப்பு வைத்த எலும்பைக்கூட யாரும் ஒளிக்கவில்லை. மாடவீதியில் இருந்த சுலோச்சனா கறி தின்கிறவர் அல்ல. ஆனாலும் அதே மார்க்கெட்டில் வாங்கிய முருங்கைக்காய்களை வேலைக்காரி முத்தம்மாவிடம் கொடுத்தனுப்பினார். "ஆத்துல வெச்சுண்டா மனசுக்கு ஒப்பலை. கொண்டுபோய்ப் போட்டுடு" என்றார். மறுநாள் ஆடுகள் எழுந்தபோது முருங்கைக்காய்கள் மட்டும் குழியில் கிடந்தன.

ஆரோக்கியநாதன் வீட்டிலிருந்து மட்டும் கறி திரும்பவில்லை. அவர் கோயிலிலிருந்து வந்தபோது மனைவி ஃப்ளோரன்ஸ் தொடைக்கறியை இறக்கி வைத்திருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இனாயத் பாய் செத்த ஆட்டை நமக்குக் குடுப்பாரா?"

"குடுக்க மாட்டார்."

"அப்புறம் என்ன? கதவைச் சாத்திட்டு வந்து உக்காருங்க."

கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். எலும்பைப் பின்பக்கம் புதைத்தார்கள். இருவருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆடுகள் எழுந்த செய்தி கேட்டு திருவல்லிக்கேணியிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒவ்வோர் ஆடும் தான் போய்வந்த வீடுகளின் மசாலா மணத்தோடு இருந்தது. ஒன்றில் கிராம்பு, ஒன்றில் தேங்காய்ப்பால், ஒன்றில் அடிப்பிடித்த வாடை. வயிற்றுப் பக்கம் ஏறியிருந்த மஞ்சள் எந்த மழைக்கும் போகவில்லை. கிண்டி ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்கு அனுப்பிய துண்டு திங்கட்கிழமை காலை கண்ணாடித் தட்டிலிருந்து காணாமல் போயிருந்தது. ஓர் ஆட்டின் காதில் ஊதாச் சாயப் புள்ளி இருந்ததால் அது எங்கே போனது என்று தெரிந்தது. அதற்கு முன்பே எடுத்து வைத்த சாற்றில் கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கை வந்தது. அதை மார்க்கெட் சுவரில் ஒட்டினார்கள். பசை ஈரம் காய்வதற்குள் ஆடுகளே அதைத் தின்றுவிட்டன. அதற்குள் அதைப் படித்துவிட்ட சிலரும், நல்ல கறி எழுந்து நிற்குமா என்று கேட்டார்கள்.

மார்க்கெட்டில் கேலி பேசினார்கள். "இன்னா பாய், கறி வித்த துட்டும் உன்கிட்ட, ஆடும் உன்கிட்ட. லாபந்தான்?"

"லாபம்னா நீ ஓட்டிக்கினு போ" என்றார் இனாயத்.

"அய்ய, நமக்கு வாணாம்பா."

அவற்றை மறுபடி அறுக்கலாமா என்று இனாயத் பள்ளிவாசலில் போய்க் கேட்டார். இமாம் இரண்டு நாள் யோசித்தார். இறைவன் பெயரைச் சொல்லி ஒருமுறை முடிந்த காரியத்தை மறுபடி செய்ய வழியில்லை என்றார். அதனால் ஆடுகளுக்குத் தழை போடும் வேலை இனாயத்துக்கு வந்தது. கால்வாய்க் கரையில் ஒரு கூரை போட்டார். ஆடுகள் வளரவும் இல்லை, மெலியவும் இல்லை. தழை மட்டும் தின்றன.

இல்லாத அந்தக் கால்தான் அவரைக் கெடுத்தது. யாரோ தின்றிருக்கிறார்கள், தின்றவர்கள் செத்திருப்பார்கள் என்று ஊர் முடிவுசெய்தது. அந்தக் கோடையில் மயிலாப்பூரிலிருந்து போன ஒவ்வொரு பாடையையும் அந்தக் காலின் கணக்கில் சேர்த்தார்கள். எண்பது வயதில் மூப்பால் இறந்தவரையும் விடவில்லை. நாங்கள்தான் தின்றோம், உயிரோடு இருக்கிறோம் என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஃப்ளோரன்ஸ் இதைத் தினமும் சொன்னாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றார் ஆரோக்கியநாதன். அவர் கெட்டவர் அல்ல. கோயில் வாசலில் எல்லோரையும் கொட்டச் சொல்லிப் படித்தவர், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இரண்டாம் மாதம் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பார்கள். ஒரு வருஷம் போன பிறகு சொல்வதற்கு வேறு மாதிரி மனிதராக இருக்க வேண்டியிருந்தது.

இனாயத் கொஞ்ச காலம் புது ஆடு அறுத்துப் பார்த்தார். வாங்க வருபவர்கள் தூரத்தில் நின்று, கறி அசைகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். 1947 மழைக்காலத்தில் கடையை விட்டார். அந்த இடத்துக்குக் குடை ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்தார். இனாயத் ராயப்பேட்டையில் ஒரு விறகுத் தொட்டியில் கட்டை பிளக்கும் வேலைக்குப் போனார். மனைவி ஜமீலுன்னிசா பீடி சுற்றினாள். மகள் சகினாவைக் கேட்டிருந்த வாலாஜா ரோட்டுக் குடும்பம் வேறிடத்தில் பெண் எடுத்தது. காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. ஆரோக்கியநாதன் அந்த வருஷங்களில் விறகு வாங்க மந்தைவெளிக்குப் போனார்.

1949 தபசு காலத்தில் ஃப்ளோரன்ஸ் இறந்துபோனாள். டைபாய்டு. அவளையும் காலின் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஊர் அந்தக் கணக்கை மறந்துவிட்டிருந்தது. அடக்கம் முடிந்த வாரம் ஆரோக்கியநாதன் விறகுத் தொட்டிக்குப் போனார். இனாயத் கோடரியைக் கட்டையில் நிறுத்திவிட்டு, தோளில் கிடந்த துண்டால் ஒரு முண்டுக்கட்டையைத் துடைத்து அவருக்குக் காட்டினார்.

"அம்மா தவறிட்டாங்கன்னு கேட்டேன் சார். வாசல் வரிக்கும் வந்தேன். உள்ள வரல."

ஆரோக்கியநாதன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அந்தக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. இனாயத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"உங்க வூட்டுக்குன்னு நானே வெட்டிக் குட்த்த தொட. ஆடு எய்ந்து நின்ன அன்னிக்கே தெரியும். ஜமீலாகிட்ட வந்து சொன்னேன், ஒரு வூட்ல நம்ப கறிய நம்பி சாப்ட்ருக்காங்கடின்னு."

"பாய், என்னை வந்து கேட்டிருக்கலாமே."

இனாயத் கோடரிக் காம்பில் ஒட்டியிருந்த சிராயை நகத்தால் பிய்த்தார். "கேக்கலாம்னுதான் ரெண்டு வாட்டி வந்தேன். நீங்க இல்லன்னு சொல்ட்டீங்கன்னா? அப்பால எனக்கு அந்த ஒரு வூடும் இல்லாம பூடும்ல."

ஆரோக்கியநாதன் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மணி ஓயும்வரை காத்திருந்து சொன்னார். கேட்டவர்கள் "அப்படியா சார்" என்றார்கள். மனைவி போனதிலிருந்து அவர் மனசு சரியில்லை என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி குழம்புக்குத் தேங்காய் அரைத்தார்களா என்று கேட்டாள். யாரும் கோபப்படவில்லை. குடை ரிப்பேர்க்காரர் தன் இடத்திலேயே இருந்தார். சகினாவைக் கேட்டிருந்த பையனுக்கு அதற்குள் ஒரு குழந்தை பிறந்திருந்தது. இனாயத் விறகுத் தொட்டியிலேயே இருந்தார். கோடரி பழகிவிட்டது என்றார்.

ஆட்டுக்கும் கால் முளைக்கவில்லை. முளைக்குமென்று ஆரோக்கியநாதன் சில நாள் போய்ப் பார்த்தார். பிறகு காலைப் பார்ப்பதற்காக இல்லாமல் சும்மாவே போக ஆரம்பித்தார். மாலையில் பள்ளி விட்டதும் ஒரு கட்டு அகத்திக் கீரையோடு கால்வாய்க் கரைக்குப் போவார். சில நாள் இனாயத் இருப்பார், சில நாள் இருக்க மாட்டார். இருந்தால் இருவரும் மழை வருமா என்று பேசுவார்கள். மூன்று கால் ஆடு நொண்டி நொண்டி வந்து ஆரோக்கியநாதன் கையிலிருந்து தின்னும். எல்லோர் கையிலிருந்தும் தின்னும் ஆடு அது.